அப்பாவுக்குக் கப் கேக் கொடுக்கலாமா?

பொங்கல், பள்ளி விடுமுறை, பேரனின் பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு காரணத்தை வைத்து ஊரிலிருந்து பெற்றோர் வந்து பிள்ளைகள் வீட்டில் பத்து நாள் தங்கிப் போவது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. வெறுங்கையோடு அவர்கள் வருவதில்லை. முறுக்கு டப்பா, அதிரசம், எள்ளுருண்டை, கொல்லை முருங்கைக்காய் எல்லாம் பையில் இருக்கும். பதிலுக்கு நம் கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று மனம் கேட்கத்தானே செய்யும்? ஓடிஜி அடுப்பு இருக்கும் வீட்டில் கப் கேக்கும் குக்கீயும் நினைவுக்கு வருகின்றன. கூடவே சந்தேகமும் வருகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு பிரஷர், இருவரும் முட்டை தொடமாட்டார்கள், ஒருவர் பல் செட் போட்டிருக்கிறார். கொடுக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் எதை மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டு, எதை மாற்றினால் பெயர் மட்டும்தான் மாறுகிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். இது சின்ன விஷயமில்லை. ஐசிஎம்ஆரும் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். ஆக, வீட்டுக்கு வரும் பெரியவர்களில் ஒருவருக்காவது இந்தக் கேள்வி பொருந்தக்கூடும்.

(இனி இந்தக் கட்டுரையில் சர்க்கரை என்றால் நோய் அல்லது ரத்தத்தில் இருப்பது, சீனி என்றால் டப்பாவில் இருப்பது.)

முதலில் கணக்கைப் பார்ப்போம். 12 கப் கேக்குக்கான சாதாரண அளவு இது: மைதா 180 கிராம், சீனி 150 கிராம், வெண்ணெய் 115 கிராம், 2 முட்டை, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். ஒரு கேக்குக்கு 12.5 கிராம் சீனி வருகிறது. இனி அதன் தலையில் சுழற்றி வைக்கும் பட்டர் கிரீமைப் பாருங்கள். அதற்கு வெண்ணெய் ஒரு பங்கு, ஐசிங் சுகர் இரண்டு பங்கு. 12 கேக்குக்கும் தாராளமாக வைக்க வேண்டுமென்றால் 150 கிராம் வெண்ணெயும் 300 கிராம் ஐசிங் சுகரும் செலவாகும். ஒரு கேக்கின் தலையில் மட்டும் 25 கிராம் சீனி. அந்தக் கப் கேக்கில் இருக்கும் மொத்தச் சீனியில் மூன்றில் இரண்டு பங்கு கிரீமில்தான் இருக்கிறது.

தனியாகச் சேர்க்கும் சீனி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் சரியாக 25 கிராம். நோயே இல்லாதவருக்கும் சேர்த்துச் சொன்ன அளவு இது. ஒரே ஒரு கேக்கின் கிரீம் அதை முழுதாகத் தின்றுவிடுகிறது.

எனவே செய்யக்கூடிய முதல் மாற்றம், பெரிய மாற்றம், கிரீமை விட்டுவிடுவது. மாவை மாற்றுவதும் வெல்லத்தைத் தேடுவதும் அதற்குப் பிறகுதான். மேலே வறுத்த முந்திரி ஒன்றை அழுத்தி வையுங்கள், கொஞ்சம் தேங்காய்த் துருவல் தூவுங்கள், போதும். பெரியவர்களில் நிறையப் பேருக்குக் கிரீம் அவ்வளவாகப் பிடிப்பதும் இல்லை. டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருந்த டீ கேக்கும் பட்டர் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த நாக்கு அவர்களுடையது.

அடுத்தது, "மைதா போடலை, கோதுமை மாவுதான். சீனி போடலை, நாட்டுச்சர்க்கரைதான். அதனால பயப்படாம சாப்பிடுங்க" என்ற பேச்சு. நல்ல மனதோடுதான் சொல்கிறோம், ஆனால் அது சரியில்லை. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள். சிறிதளவு தாது உப்புகள் கூடுதலாக இருக்கலாம், மணம் நிச்சயம் கூடுதல். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் விதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கருப்பட்டி குக்கீ சுவைக்காகச் செய்ய வேண்டியது, மருந்துக்காக அல்ல.

கோதுமை மாவின் கதையும் ஏறத்தாழ இதுதான். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, அந்த வகையில் நல்லது. ஆனால் நைசாக அரைத்த மாவு மைதாவைப் போலவே வேகமாகச் செரித்து குளுக்கோஸாகிவிடும். ஓர் உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டுப் பட்டியலில் வெள்ளை ரொட்டி சுமார் 75, முழுக்கோதுமை ரொட்டி சுமார் 74. "கோதுமை கேக்" என்ற பெயரை நம்பி ஒன்றுக்குப் பதில் மூன்று சாப்பிட்டால், மைதா கேக் ஒன்றோடு நிறுத்தியவரைவிட அவருக்குச் சர்க்கரை நிறையவே ஏறும். கடையில் விற்கும் 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. சீனி இல்லை, மாவு இருக்கிறதே! சிலவற்றில் இனிப்புக்குச் சேர்க்கும் மால்டிட்டால் போன்ற பொருள்கள் அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும். செயற்கை இனிப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டுக் கேக்கில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது அஸ்பார்டேம் வகையாக இருந்தால் அடுப்புச் சூட்டில் இனிப்பு போய்விடும். கேக் சப்பென்று இருக்கும்.

சீனியைக் குறைத்தால் கேக் கெட்டுப்போகுமே என்று அஞ்சுபவர்களுக்கு, அது மாவுக்குள் என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். சீனி இனிப்புக்கு மட்டும் போடுவதில்லை. அறைச் சூட்டில் இளகிய வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்கள் வெண்ணெய்க்குள் எண்ணற்ற சிறு காற்றுக்குமிழிகளைப் புகுத்துகின்றன. மஞ்சள் வெண்ணெய் மெல்ல வெளுத்து, கரண்டியில் எடுத்தால் கனமில்லாமல் நிற்கும். அந்தக் குமிழிகளைத்தான் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அடுப்புக்குள் ஊதிப் பெரிதாக்குகிறது. சீனி ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதனால் மறுநாளும் கேக் மெத்தென்று இருக்கும். மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகாமல் தடுக்கும். மேல்புறம் பொன்னிறமாக உதவும். இத்தனை வேலை செய்யும் பொருளை ஒரேயடியாக எடுத்துவிட்டால் கிடைப்பது ரப்பர் போன்ற ஒரு ரொட்டி.

ஆனால் கால் பங்கு வரை குறைப்பதால் பெரிய சேதம் இல்லை. மேலே சொன்ன 150 கிராமை 110 கிராமாக்கலாம். ஒரு கேக்குக்கு 9 கிராம்தான் வரும். குறைந்த இனிப்பை ஏலக்காய், ஜாதிக்காய்த் தூள், ஆரஞ்சுத் தோல் துருவல் போன்றவற்றின் மணம் ஈடுகட்டும். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்த்தால் ஈரமும் நிற்கும். பழத்திலும் சீனி உண்டு என்பதை மறக்காமல் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொரு வழி அளவைச் சிறிதாக்குவது. எனக்கு மிகப் பிடித்த வழியும் இதுதான். அதே மாவைக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றினால் 24, 25 குட்டிக் கேக்குகள் வரும். ஒன்றில் 5 கிராமுக்கும் குறைவான சீனி. கல்லை நன்றாகக் காயவைத்து, வெண்ணெய் தடவி, குழியில் முக்கால் பங்கு மாவு ஊற்றி, மூடி போட்டு மிகச் சிறு தீயில் வைத்தால் ஓடிஜியே வேண்டாம். அடிப்புறம் சிவந்ததும் குச்சியால் திருப்பிவிடுங்கள். பணியாரம் சுட்டுப் பழகிய கைக்கு இது புது வேலையே இல்லை, அம்மாவே கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொள்வார். முழுக் கேக்கைப் பாதியாக வெட்டிக் கொடுத்தால், மீதிப் பாதி தனக்கு மறுக்கப்பட்டதாகப் பெரியவர்களுக்குத் தோன்றும். முழுதாக ஒரு குட்டிக் கேக்கைக் கையில் கொடுத்தால் அந்த மனக்குறை வராது.

ஓடிஜியில் செய்பவர்களுக்குச் சுருக்கமாக: அடுப்பைப் பத்து நிமிடம் முன்பே சூடேற்றுங்கள், 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம், பேப்பர் கப்பில் மூன்றில் இரண்டு பங்கு மாவு, முதல் பன்னிரண்டு நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். மாவைக் கப்பால் அளக்காமல் தராசில் நிறுங்கள். ஒரு கப் மைதாவை லேசாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரும். பல வீட்டுக் கேக்குகள் கல்லாக இருப்பதற்கு இந்த 30 கிராம்தான் காரணம். குழம்பில் உப்பு குறைந்தால் கொதிக்கும்போது சேர்த்துவிடலாம். கேக் அடுப்புக்குள் போனபின் திருத்த வழியில்லை.

குக்கீக்கு வருவோம். வயதானவர்களுக்குச் செய்யும்போது சீனியைவிட முன்னதாக யோசிக்க வேண்டியது பல்லையும் தொண்டையையும் பற்றி. சாக்லேட் சிப் குக்கீ ஆறியபின் இறுகிவிடும், பல் செட்டில் ஒட்டிக்கொள்ளும், முழு முந்திரியும் பாதாமும் ஈறை உறுத்தும். நம் ஊர் நெய் பிஸ்கட்டான நான்கட்டாய் இவர்களுக்கென்றே பிறந்தது போன்றது. மைதா 90 கிராம், கடலை மாவு 30 கிராம், பொடித்த சீனி 60 கிராம், நெய் 75 கிராம், ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஏலக்காய். பதினாறு பிஸ்கட் வரும். ஒன்றில் சீனி 4 கிராமுக்குள், நெய் 5 கிராமுக்குள். நெய்யில் தண்ணீர் இல்லாததாலும், அது மாவுத்துகள்களைச் சுற்றிப் படிந்துவிடுவதாலும் குளூட்டன் வலை பின்னுவதில்லை. அதனால்தான் நாக்கில் வைத்து அண்ணத்தோடு அழுத்தினாலே உதிர்கிறது. 165 டிகிரியில் 15 நிமிடம் போதும். எடுக்கும்போது மிருதுவாகத்தான் இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளிவிடாதீர்கள், ஆறினால் சரியாகிவிடும். கொழுப்பு கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் ஒன்றோடு நிறுத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், தண்ணீர் குடித்தாலே இருமுபவர்கள் ஆகியோருக்கு உதிரும் பிஸ்கட் ஆபத்து. பொடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இவர்களுக்கு என்ன பதத்தில் உணவு தரலாம் என்று டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கும் வயதாக ஆக எச்சில் குறையும், சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். காபியில் தோய்த்துச் சாப்பிட்டால் நாகரிகக் குறைவு என்று பிள்ளைகள் முகம் சுளிக்க வேண்டாம். டம்ளர் காபியில் பிஸ்கட்டின் நுனியை ஒரு கணம் அமிழ்த்தி, சொட்டுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோகும் அப்பாவுக்குத் தன் வாய்க்கு எது வேண்டும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முட்டை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முட்டை சாப்பிடாதவருக்குத் தெரியாமல் முட்டை போட்ட கேக்கைக் கொடுக்கவே கூடாது. "வாசனையே தெரியாது, சொல்லாதே" என்று கிசுகிசுப்பது அன்பு ஆகாது. புரட்டாசி, வெள்ளி, சனி என்று நாள் பார்ப்பவர்கள் இருப்பார்கள், முட்டை கலந்த பாத்திரத்தையே தவிர்ப்பவர்களும் இருப்பார்கள். அதற்காகக் கேக்கைக் கைவிட வேண்டியதில்லை. மேலே சொன்ன அளவில் 2 முட்டைக்குப் பதில் கொஞ்சம் புளித்த தயிர் 120 கிராம், கால் டீஸ்பூன் சமையல் சோடா, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பாலை 80 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு உண்டாகும், அது கேக்கைத் தூக்கும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும். முட்டையில்லாக் கேக்குக்குக் கண்டென்ஸ்டு மில்க் டப்பாவை உடைப்பதுதான் பலர் கற்ற வழி. சுவைக்குக் குறைவில்லை. ஆனால் 400 கிராம் டப்பாவில் 150 கிராமுக்கு மேல் சீனி ஏற்கெனவே கலந்திருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு அந்த வழி வேண்டாம்.

ஒருவருடைய உடம்பு ஏற்காததை விட்டுவிட்டு, அவருக்கென்றே வேறு வழி தேடியதில் பிறந்ததுதான் பேக்கிங் பவுடரே. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃப்ரெட் பேர்டின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரையும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டியை எழும்பவைக்கும் பவுடரையும் பேர்டு செய்தார். இன்று நாம் ஒன்றரை டீஸ்பூன் அளந்து போடுவது அந்த வழியில் வந்ததுதான்.

பிரஷர் உள்ளவர்கள் அந்தப் பவுடரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அதில் சோடியம் இருப்பது உண்மை. கணக்குப் பார்த்தால் ஒரு கப் கேக்குக்கு வருவது சுமார் 60 மில்லிகிராம். ஒரு நாள் வரம்பு 2000 மில்லிகிராம். உப்பில்லாத வெண்ணெயாக வாங்கினால் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இருக்கும் வீட்டில் கேக்கை முதல் எதிரியாக நிறுத்துவது நியாயமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் விஷயம் வேறு. பேக்கிங் பவுடரில் பாஸ்பேட், கருப்பட்டியிலும் பருப்புகளிலும் பொட்டாசியம் என்று அவர்கள் பார்க்க வேண்டியவை தனி. டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். கிரீம் இல்லாத சாதாரணக் கப் கேக் ஒன்றில் இருக்கும் மாவுச்சத்தும் சீனியும் சேர்ந்து ஏறத்தாழ 25 கிராம். நடுத்தர அளவு இட்லி இரண்டில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே அதைச் சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகத் தராமல், சாப்பாட்டின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் காபியோடு வேண்டாம். காய்கறி, சுண்டல், பருப்பு என்று நார்ச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் சர்க்கரை ஏற்றம் நிதானமாக இருக்கும். கேக் சாப்பிட்டதை ஈடுகட்டப் பெரியவர்கள் தாமாகவே இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிடுவதும் உண்டு. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் அப்படிச் செய்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். இரண்டு இட்லி குறைக்கலாம், பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் 300, 400 என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது, அவருக்கு முதலில் சிகிச்சை.

தடை போட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அதைத் தொடாதீங்க, இது ஆகாது" என்று மேஜையில் காவல் நின்றால், தெருமுனை டீக்கடையில் அப்பா ரகசியமாக இரண்டு பன் சாப்பிட்டுவிட்டு வருவார். அளவு தெரியாத, எண்ணெய் தெரியாத அந்தத் தீனியைவிட, நாம் நிறுத்துப் போட்டுச் செய்த ஒரு நான்கட்டாய் எவ்வளவோ மேல். இதற்கு நேர் எதிராக, "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்று வேண்டாம் என்பவர் வாயில் திணிப்பதும் தவறு. தன் உடம்பைப் பற்றிய முடிவு அவருடையது.

நடைமுறைக்கு உதவும் ஒரு வழக்கம் இருக்கிறது. நான்கட்டாய் மாவை உருண்டைகளாக்கித் தட்டி, டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மாலையில் ஆளுக்கு ஒன்று, இரண்டு எடுத்து, வழக்கத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வைத்தால் சுடச்சுடத் தயார். டப்பா நிறைய செய்து மேஜையில் வைத்தால், போகும்போதும் வரும்போதும் கை அதற்குள் போகும், கணக்கு நிற்காது. அடுப்பிலிருந்து நாலு மட்டும் வந்தால் நாலோடு முடிந்துவிடும். வீடு முழுக்க நெய் வாசனையும் தினமும் கிடைக்கும்.

அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்: கடைசியாகச் சர்க்கரை எவ்வளவு இருந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், கடிக்க முடிகிறதா, முட்டை ஆகுமா. பதிலைக் கேட்டுவிட்டு மாவை நிறுங்கள்.